லோரி பிரேக் போட்ட ரீல்

துப்பறிவாளர் கலியாணசுந்தரத்துக்குத் தெரியாத விஷயங்கள் உலகத்தில் மிகச் சிலவே என்பது அவருடைய சொந்தக் கருத்து. கடல் தூண்டில் அந்தச் சிலவற்றில் ஒன்று என்பது 1957 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியே வந்தது. அவராக ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய உதவியாளர் ருக்மணி ஒப்புக்கொள்ள வைத்தாள்.

மலாக்காவில், காஜா பேராங் சடக்கு ஓரத்தில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அவர்களுடைய அலுவலகம். கீழே டியூபில் காற்றுப் போகும் சத்தமும் மேலே கலியாணசுந்தரம் பெருமூச்சு விடும் சத்தமும் ஒன்றுபோலவே இருக்கும் என்பாள் ருக்மணி. முப்பத்திரண்டு வயதுக்காரி. ஏழு வருஷம் தையல் மெஷின் பழுதுபார்த்தவள். கடை மூடியதும், டைப்பிஸ்ட் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து இங்கே வந்தாள். அவளுக்கு டைப் அடிக்கத் தெரியாது. ஆனால் மூலையில் செத்துக் கிடந்த டைப்ரைட்டரைப் பத்து நிமிஷத்தில் எழுப்பி உட்கார வைத்தாள். கலியாணசுந்தரம் அன்றே அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார். கடிதங்களை அன்றிலிருந்து அவரே டைப் அடிக்கிறார்.

அந்த வியாழக்கிழமை அவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தவள் ஹஸீனா. அவள் புருஷன் முகைதீனுக்கு உஜோங் பாசிர் கடற்கரையில் ஒரு சம்பான் படகு உண்டு. தூண்டில் பைத்தியங்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவன் தொழில். போன ஞாயிற்றுக்கிழமை விடியும்போது சுப்பையனை ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது தனியாக வந்தான்.

சுப்பையனை மலாக்காவில் தெரியாதவர்கள் குறைவு. ரப்பர் கிடங்கில் தலைமைக் குமாஸ்தா. நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, அக்காள் சாரதாம்பாள் வீட்டில் வாசம். ஆபீஸில் பேனாவைப் பிடித்திருக்கும்போதுகூட ஏதோ கடிக்கப்போகிறது என்பதுபோலத்தான் பிடித்திருப்பார்.

முகைதீன் போலீஸில் சொன்ன கதை இது. கரையிலிருந்து மூன்று மைலில் ஒரு பெரிய திருக்கை மீன் மாட்டியது. சுப்பையன் ஒரு வாரத்துக்கு முன்புதான் தன் ரீலுக்குள் லோரி பிரேக் லைனிங்கை வெட்டிப் போட்டு, எந்த மீனுக்கும் அசையாதபடி செய்துவைத்திருந்தார். ரீல் தூண்டில் நரம்பை விடவில்லை, சுப்பையண்ணன் ரீலை விடவில்லை, மீன் ஒருவரையும் விடவில்லை. தூண்டிலோடு அண்ணனைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

திங்கட்கிழமை முகைதீனின் பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசியக்காரர் வலையில் தூண்டில் கம்பும் ரீலும் வந்தன. ஆள் வரவில்லை. அதோடு, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகைதீனும் சுப்பையனும் படகுத்துறையில் சத்தம் போட்டுச் சண்டை பிடித்ததை நாலு பேர் பார்த்திருந்தார்கள். திங்கள் ராத்திரியே முகைதீன் லாக்கப்புக்குப் போனான். இன்று சாயங்காலத்துக்குள் கொலை வழக்காகப் பதிவாகிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். சாரதாம்பாள் தம்பியின் படத்துக்கு மாலை போட்டாயிற்று.

“எங்க வீட்டுக்காரவங்க கோழி அறுக்கிறதுக்கே என்னைத்தான் கூப்பிடுவாங்க, அக்கா,” என்றாள் ஹஸீனா, ருக்மணியைப் பார்த்து. “ஆனா அவங்க சொல்ற கதையை என்னாலயும் நம்ப முடியல. அதுதான் பயமா இருக்கு.”

அழவில்லை அவள். அழுதிருந்தால் ருக்மணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் பொன்னுதுரை அவர்களை வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனிதர். அடுத்த மாதம் வரும் மலாயாச் சுதந்திர விழாவுக்காக நிலையத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொப்பியிலும் இரண்டு சொட்டு விழுந்திருந்தது.

“அவன் சொல்லுற கதையை நம்பினால், நான் உத்தியோகத்தை விட்டுப்போட்டு மீன் பிடிக்கப் போகலாம்,” என்றார். பிறகு அலமாரியிலிருந்து ரீலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கறுப்புப் பக்கத் தகடுகள், நடுவில் நரம்பு சுற்றிய உருளை, ஒரு கைப்பிடி, கைப்பிடிக்கு அடியில் நட்சத்திர வடிவில் ஒரு சக்கரம். தகட்டில் ஆணியால் கீறிய எழுத்து: சு. இந்த ரீல் சுப்பையனுடையது என்று படகுத்துறையில் குழந்தைகூடச் சொல்லும். அதை யாரும் திறந்து பார்க்கவில்லையா என்று ருக்மணி கேட்டாள். மீன் பிடிக்கிற சாமானைத் திறந்து பார்க்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்றார் இன்ஸ்பெக்டர்.

ருக்மணி கைப்பையிலிருந்து தையல் மெஷின் திருப்புளியை எடுத்தாள். கலியாணசுந்தரம் உடனே, தான் நினைத்ததும் அதுவே என்பதுபோல் தலையாட்டினார்.

நான்கு திருகு. தகடு கழன்றது. உள்ளே ஒரு பெரிய பல்சக்கரம். அதன் வயிற்றுக்குள் வட்ட வட்டமாக அடுக்கிய வளையங்கள், ஒன்று உலோகம், ஒன்று தோல். ருக்மணிக்குச் சிரிப்பு வந்தது. தையல் மெஷினில் நூல் இரண்டு தட்டுகளுக்கு நடுவே போகும். திருகை முடுக்கினால் தட்டுகள் நெருங்கி நூலை இறுக்கும், தளர்த்தினால் நூல் ஓடும். இங்கேயும் அதே வித்தைதான். நட்சத்திரச் சக்கரத்தை முடுக்கினால் வளையங்கள் ஒன்றையொன்று கவ்வும். மீன் ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் அவை வழுக்கி, நரம்பை விட்டுக்கொடுக்கும். அந்த அளவுதான் ரீலின் பிடி.

“சார், இதுல லோரியும் இல்ல, பிரேக்கும் இல்ல,” என்றாள். “வெறும் தோல். பழைய தோல்.”

இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வளையங்களையும் பல்சக்கரத்தையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினார்கள். லோரி பிரேக்கைப் பற்றி மலாக்காவில் கேட்பதென்றால் ஒரே இடம்தான். காஜா பேராங்கில் அப்பாசாமியின் பட்டறை. கலியாணசுந்தரம் தம் பழைய காரில் போகலாம் என்றார். அவசரம் என்பதால் நடந்தே போகலாம் என்றாள் ருக்மணி.

அப்பாசாமி ஒரு லோரிக்கு அடியிலிருந்து வந்தார். முதலில் கால்கள், பிறகு தொப்பை, கடைசியில் முகம். சுப்பையனின் பெயரைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த ரீலுக்கு வேலை செய்தவர் அவரேதான். மூன்று நாள் லோரி வேலையெல்லாம் ஒதுக்கி வைத்து, ஆசையாகச் செய்த வேலை.

“தோல் வளையம் ஏழு ராத்தல் இழுப்புல வழுக்கிரும், தங்கச்சி,” என்றார், சுவரில் தொங்கிய வில்தராசைக் காட்டி. “முழுசா முடுக்கினாலும் அவ்வளவுதான். லைனிங்கை வட்டமா வெட்டிப் போட்டேன், இருபத்திரண்டு தாங்குச்சு. ஆனா உள்ள பல்சக்கரம் பித்தளை. அது பதினஞ்சுலயே பல்லைக் கொட்டிரும். சரின்னு எஃகுல ஒரு சக்கரம் கடைஞ்சு போட்டேன். இருபத்தஞ்சுக்கு இழுத்தா இப்ப ரீலோட சட்டம் வளையுது. சுப்பையண்ணே, இதுக்கு மேல மாத்தணும்னா உங்க முதுகெலும்பைத்தான் மாத்தணும்னு சொல்லிட்டேன்.”

ருக்மணி கைக்குட்டையை அவிழ்த்தாள். பித்தளைச் சக்கரத்தைக் கையில் எடுத்த அப்பாசாமி, அதில் முனை மழுங்கிய பல் ஒன்றைத் தடவிப் பார்த்தார். இதை அந்த ரீலிலிருந்து கழற்றியதே நான்தான் என்றார். காகிதத்தில் சுற்றி சுப்பையன் கையில் கொடுத்தாராம். இது எப்படி மறுபடி உள்ளே போனது என்று அவரே இவர்களைக் கேட்டார்.

பட்டறைக்கு வெளியே வந்து கலியாணசுந்தரம் ஒரு மரத்தடியில் நின்றார். அவருடைய முகம் வாடியிருந்தது.

“ஏழு ராத்தல், ருக்மணி. ஏழு ராத்தல் இழுப்புக்கு என் குடைகூடக் கடல்ல விழாது. முகைதீன் சொன்னது சுத்தப் பொய். ஹஸீனாவுக்கு உதவி செய்ய வந்துட்டு, அவ புருஷனுக்குத் தூக்குக் கயிறு திரிச்சுக் கொடுத்துட்டோம்.”

ருக்மணி கைக்குட்டையை மறுபடி முடிந்தாள். சாயங்காலம் இந்தச் சக்கரத்தை இன்ஸ்பெக்டரிடம் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்தால் அவர் கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். ஹஸீனா நிலையத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

ஆனாலும் ஏதோ ஒன்று நெருடியது. எஃகுச் சக்கரம் எங்கே? புது வளையங்கள் எங்கே? கொலை செய்கிறவன் ஆளைக் கடலில் தள்ளுவான். ரீலைப் பிரித்து, நல்ல சாமானை எடுத்துக்கொண்டு, பழசை உள்ளே வைத்து, நாலு திருகையும் ஒழுங்காகப் பூட்டிவிட்டா தள்ளுவான்? முகைதீனுக்குத் தன் சம்பான் மோட்டாரையே கழற்றத் தெரியாது என்று ஹஸீனா சொல்லியிருந்தாள்.

“சார், அந்த ரீலைப் பிரிச்சவர் அதை உயிரா நேசிச்சவர்,” என்றாள் மெதுவாக. “ஓடு போனா போகுது, குடல் போகக்கூடாதுன்னு நினைச்சிருக்காரு.”

கலியாணசுந்தரம் அவளைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பட்டறைக்குள் திரும்பினார்கள்.

அப்பாசாமி மறுபடி லோரிக்கு அடியில் போயிருந்தார். இந்த மாதிரி லைனிங் வளையத்தோடு வேறு யாராவது அண்மையில் வந்தார்களா என்று அவருடைய கால்களிடம் கேட்டாள் ருக்மணி. கால்கள் கொஞ்சம் யோசித்தன. செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள் என்றது லோரிக்கு அடியிலிருந்து குரல். ஒரே ஒரு வளையம். மயிரிழை அளவு தடிப்பைக் குறைத்துத் தரும்படி கேட்டாள். ஊரில் நாலைந்து தூண்டில்காரர்களுக்கு இதை வெட்டிக் கொடுத்திருப்பதால் அவர் ஒன்றும் நினைக்கவில்லை. அவளோ, தூண்டிலுக்கு அல்ல, தையல் மெஷினுக்கு என்றாளாம்.

ருக்மணி குனிந்து லோரிக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

“அண்ணே, ஏழு வருஷம் தையல் மெஷின் பார்த்திருக்கேன். இந்த வளையத்தைப் போடணும்னா அந்த மெஷினுக்கு நாலு டயர் இருக்கணும்.”

அந்தப் பெண் யார் என்று அப்பாசாமிக்குத் தெரியவில்லை. கெபாயாச் சட்டை உடுத்தியிருந்தாள், நெற்றியில் திருநீறு, பேசியது மலாய். காஜா பேராங்கில் அதற்குமேல் விலாசம் தேவையில்லை. இரண்டு சந்து தள்ளி மலாக்காச் செட்டிகள் சேர்ந்து குடியிருக்கும் கம்போங். சாமி கும்பிடுவது நம்மைப்போல, வீட்டில் பேசுவது மலாய்.

அந்தக் கம்போங்கில் மொத்தம் பதினொரு தையல் மெஷின்கள். பதினொன்றும் ருக்மணியின் கைபட்டவை. வீடு வீடாக ஏறி, மெஷின் எப்படி ஓடுகிறது என்று மலாயில் விசாரித்தாள். பதினொன்றும் நன்றாக ஓடின. மூன்று வீட்டில் பலகாரம் கொடுத்தார்கள். கலியாணசுந்தரம் விசாரணையின் நலன் கருதி எல்லாவற்றையும் சாப்பிட்டார். நாளைக்குக் கம்போங்கில் ஏதாவது விசேஷமா என்று கடைசி வீட்டில் ருக்மணி சும்மாதான் கேட்டாள். இரண்டு வீட்டில் தோரணத்துக்குத் தென்னங்குருத்து வெட்டிப் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அவள் கண் மூடிக்கொள்ளவில்லை. அது எதிர்ச்சாரியில் ஒரு பச்சைக் கதவுக்குப் போய்த் திரும்பியது.

பச்சைக் கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் சீதா. கம்போங்கிலேயே நல்ல பலகாரம் இவள் கையில்தான் என்று ருக்மணிக்குத் தெரியும். மெஷின் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, நன்றாக ஓடுகிறது என்றாள் சீதா.

உங்கள் வீட்டில் மெஷினே கிடையாதே என்றாள் ருக்மணி.

சீதா கதவைச் சாத்தப் போனாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கிர்ர்ர் என்று நீளமாக, வழுவழுப்பாக, எங்கும் திக்காமல் ஓடுகிற சத்தம். பிறகு ஓர் ஆண் குரல் தமிழில், “ஆஹா,” என்றது.

கொல்லையில் ஒரு ரம்புத்தான் மரம். மரத்தில் ஒரு வில்தராசு. தராசின் கொக்கியில் நைலான் நரம்பு. நரம்பின் மறுமுனையில், முக்காலிமேல், கைலியும் பனியனுமாக, மாலை போட்ட படத்தில் இருந்தவர் உட்கார்ந்திருந்தார். கையில் வேறொரு பழைய ரீல். இவர்களைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. நரம்பைத் தளர்த்தி ரீலைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார்.

“இருபத்திரண்டு ராத்தல் வருதா?” என்று கேட்டாள் ருக்மணி.

“இருபத்தொண்ணரை,” என்றார் சுப்பையன், தன்னை மறந்து. அதற்குப் பிறகுதான் அவருக்கு முகம் வெளுத்தது.

மீதியை அவர் ஒரே மூச்சில் கொட்டினார். ஆறு வருஷமாகச் சீதாவைத் தெரியும். தமிழ் பேசத் தெரியாதவள் இந்த வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்று அக்காள் சொல்லிவிட்டாள். அதோடு விடாமல், அவருக்குக் கட்டிவைக்கச் சொந்த ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கப்பலேற்றவும் ஏற்பாடு செய்துவிட்டாள். அறுபது கட்டி எடையுள்ள திருக்கையோடு ஒற்றையாக நின்று மல்லுக்கட்டுகிற சுப்பையனுக்கு அக்காள் முன்னால் வாய் திறக்க வரவில்லை. அதனால் செத்துப்போவது என்று முடிவு செய்தார். நாளை வெள்ளிக்கிழமை காலை கோயிலில் தாலி கட்டியதும் உயிரோடு வந்து அக்காள் காலில் விழுவதாகத் திட்டம். முகைதீன் முதலில் மாட்டேன் என்றான். படகுத்துறைச் சண்டை அதுதான். பிறகு வெள்ளிக்கிழமை வரை வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத ஒரு கரையில் அவரை இறக்கிவிட்டான். ஊர் நம்புவதற்காக எல்லாருக்கும் தெரிந்த ரீலைக் கடலில் போட வேண்டியிருந்தது. அப்பாசாமி செய்த சாமானை மட்டும் போட மனசு வரவில்லை.

“படகு ஆடிச்சு, தவறி விழுந்துட்டாருன்னு மட்டும் சொல்லச் சொன்னேன். திருக்கையெல்லாம் நான் சொல்லலை,” என்றார். “கெட்டிக்காரன், நல்லா ஜோடிச்சிருக்கான். எப்படி இருக்கான் முகைதீன்?”

கலியாணசுந்தரம் தொண்டையைக் கனைத்தார். அவர் கையில் இன்னும் பாதிப் பலகாரம் இருந்தது.

“லாக்கப்புல இருக்கான். மூணு நாளாச்சு. இன்னிக்குச் சாயங்காலம் உங்களைக் கொன்னதா எழுதப்போறாங்க.”

சுப்பையன் மடியிலிருந்து ரீல் கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. திரும்பிச் சீதாவைப் பார்த்தார். இந்த நாலு நாளும் வெளியே போய் வந்தவள் அவள் ஒருத்திதான்.

சீதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மலாயில் பேசினாள். முகைதீன் பிடிபட்டது செவ்வாய்க்கிழமை பசாரிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் இவர் ஓடிவிடுவார், போனால் அக்காள் பிடித்துக்கொள்வாள். ஆறு வருஷம் காத்திருந்த தனக்கு, ஒரு மனிதன் மூன்று நாள் பொறுத்துக்கொள்வது பெரிதாகத் தெரியவில்லை என்றாள். கொலை என்று எழுதுவார்கள் என்பது தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. ருக்மணி அவளைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஹஸீனாவும் ஞாபகத்துக்கு வந்தாள், இந்த ஆறு வருஷமும் மனசில் வந்து நின்றது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

சுப்பையன் சட்டையை மாட்டினார். பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்றாக விழுந்தன. சீதா வந்து அவற்றைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டு, தன் தோள்துணியை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் தெருவில் இறங்கினாள்.

செத்தவர் நிலையத்துக்குள் நுழைந்தபோது வெள்ளையடிப்பவன் ஏணியிலேயே நின்றுவிட்டான். வாசல் பெஞ்சில் ஹஸீனா எழுந்தாள். இன்ஸ்பெக்டர் பொன்னுதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கலியாணசுந்தரம் சொன்னதை முழுவதும் கேட்டார். நடுநடுவே ருக்மணி திருத்தியதையும் கேட்டார். பிறகு முகைதீனைக் கூட்டிவரச் சொன்னார்.

முகைதீன் மெலிந்து, தாடி முளைத்து வந்து நின்றான். சுப்பையனை ஏற இறங்கப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை.

“இவரை ஆரெண்டு தெரியுமோ?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“தெரியாது, சார். நான் இவரைப் பார்த்ததே இல்ல.”

“அப்ப மூண்டு மைலுக்கு அங்கால மீன் இழுத்துக்கொண்டு போனது ஆரை?”

“அது சுப்பையண்ணன். இது வேற யாரோ.”

நிலையத்தில் யாரும் சிரிக்கவில்லை. சுப்பையன் இரண்டடி எடுத்து வைத்து முகைதீனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“போதும், முகைதீன். நான் வந்துட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

முகைதீன் அவரைப் பார்த்தான், பின்னால் நின்ற சீதாவைப் பார்த்தான். பிறகு, இன்ஸ்பெக்டருக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்: “ஒரு நாள்தானே அண்ணே பாக்கி. நாளைக்கு வந்திருக்கலாம்ல.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். பொய்த் தகவல் கொடுத்ததற்கு இரண்டு பேர் மேலும் ஒரு வழக்கு எழுதத்தான் வேண்டும் என்றார். ஆனால் அதைத் திங்கட்கிழமை எழுதுவதாகவும், வெள்ளிக்கிழமை தனக்கு வேறு வேலை இருப்பதாகவும் சொன்னார்.

ஹஸீனா புருஷனிடம் வந்து அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தாள். அவனோடு பேசவில்லை. சுப்பையன் பக்கம் திரும்பினாள்.

“நாளைக்குக் கல்யாணத்துக்கு நாங்க ரெண்டு பேரும் வருவோம், அண்ணே. முன் வரிசையில உட்காருவோம். அது முடிஞ்சதும் ஒரு வருஷத்துக்கு எங்க சம்பான் பக்கம் உங்களை நான் பார்க்கக்கூடாது.”